வீடு யாருடையது? சுங்கை சிப்புட்டில் இரண்டு சமூகங்களின் கணக்கு

எங்கள் வீட்டில் 555 நோட்டு எப்போதும் அரிசித் தகரத்தின் மேல்தான் இருக்கும். மளிகைக் கடன் எழுதும் உள்ளங்கை அளவு நோட்டு, அட்டையில் பெரிதாக 555 என்று அச்சடித்திருக்கும். மலேசியத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சனிக்கிழமை ஆனால் பாட்டி அதை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வருவார். மளிகைக் கடைக்காரர் சீனர். தமிழ் தடையில்லாமல் பேசுவார். “ஆயா, புக்கு எங்க?” என்று வாங்கி வைத்துக்கொண்டு, அரிசி, பருப்பு, நெத்திலி, மண்ணெண்ணெய் என்று சாமான் இறங்க இறங்கத் தம்முடைய பேரேட்டில் ஒரு தடவையும் எங்கள் நோட்டில் ஒரு தடவையும் எழுதுவார். பொருளின் பெயர் சீன எழுத்தில் இருக்கும். எண் மட்டும்தான் எங்களுக்குப் புரியும். ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. அன்று சாயங்காலமே அடுத்த பக்கம் தொடங்கிவிடும்.

அந்தக் கடைக்காரரின் தகப்பனாரும் என் பாட்டியின் தகப்பனாரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். ஒருவர் தென்சீனத்திலிருந்து, ஒருவர் சேலம் பக்கமிருந்து. இரண்டு பேர் கையிலும் ஒன்றும் கிடையாது. மூன்றாம் தலைமுறையில் ஒரு குடும்பத்துக்குப் பட்டணத்தின் நடுவில் சொந்தக் கடைவீடு இருந்தது. இன்னொரு குடும்பத்துக்குத் தோட்டத்தை விட்டு வெளியே வந்த அன்று தலைக்கு மேல் கூரை இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால் நம் ஊர்க் காப்பிக்கடையில் பதில் தயாராக இருக்கும்: “சீனன் உழைப்பான், சேர்த்து வைப்பான். நம்ம ஆளு குடிச்சே அழிஞ்சான்.” தமிழர்களே தமிழர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் இது. நான் இதை ஒப்புவதில்லை. காரணம், கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

1970-இல், இன ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசு கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு முன், தீபகற்ப மலேசியாவில் சீனர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி (ரிங்கிட்). இந்தியர் குடும்பத்துக்கு 304. மலாய்க்காரருக்கு 172. அதாவது சீனர் 100 வெள்ளி சம்பாதித்த இடத்தில் இந்தியர் 77 வெள்ளி சம்பாதித்தார்கள். இடைவெளிதான், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி இல்லை. (ஏழ்மையில் அன்று முன்னால் நின்றவர்கள் மலாய்க்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு சமூகத்தை மட்டும் எடுத்து ஒப்பிடும்போது மூன்றாவது ஆள் படத்திலிருந்து நழுவிவிடுவார்.) இப்போது அதே ஆண்டின் சொத்துக் கணக்கைப் பாருங்கள். பங்கு நிறுவன மூலதனத்தில் சீனர் கையில் இருந்தது 27.2 விழுக்காடு. இந்தியர் கையில் 1.1 விழுக்காடு. சீனர்களின் மக்கள் தொகை இந்தியர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தலைக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம்.

சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல். சொத்தில் ஏழில் ஒரு பங்கு. உழைப்பில் குறை என்றால் முதலில் சம்பளத்தில்தானே அது தெரிய வேண்டும்? ஓட்டை இருந்தது வேறு இடத்தில். வந்த பணம் எதுவாகவும் மாறாமல் போனதில்தான்.

வந்த வழியிலிருந்து தொடங்கலாம். சீனத் தொழிலாளி பெரும்பாலும் கடன் பயணச்சீட்டில் வந்தவர். கப்பல் கூலியைத் தரகர் கட்டுவார். வந்தவர் ஈயச் சுரங்கத்திலோ தோட்டத்திலோ உழைத்து அதை அடைக்க வேண்டும். அடைக்கும்வரை அவருக்கு ‘சிங்கே’, புது ஆள், என்று பெயர். கொடுமையான ஏற்பாடு. அபினும் சூதும் அந்தக் கடனை நீட்டிக்கொண்டே போன கதைகள் ஏராளம். ஆனால் அடைத்து முடித்த அன்று அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். சுரங்கம் பிடிக்கவில்லையா, காட்டோரம் நாலு பாத்தி கீரை போடலாம், பன்றி வளர்க்கலாம், மாமன் கடையில் எடுபிடியாக நிற்கலாம்.

தமிழர் வந்த வழி வேறு. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறைக்குத் தடை வந்தது. அதற்கு முன்பே, தோட்டத்துக் கங்காணியே ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் கங்காணி முறை வேரூன்றியிருந்தது. 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதியில் தோட்ட முதலாளிகள் பணம் போட்டார்கள். தொழிலாளிக்குக் கப்பல் பயணம் இலவசம். கேட்கும்போது சீனருடைய ஏற்பாட்டைவிட இது மேலாகத் தோன்றும். கடனே இல்லையே! ஆனால் கங்காணி சொந்த ஊர்க்காரர், சொந்த சாதிக்காரர், பல நேரம் உறவுக்காரர். பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் அணிவகுப்புக்கு, வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவருக்குத் ‘தலைக்காசு’ கொடுத்தது. ஆள் வேலைக்கு வந்தால்தான் அவருக்குக் காசு. ஆள் வேறு தோட்டத்துக்குப் போனால் நஷ்டம். தொழிலாளியைக் கட்டிப்போடக் கடன் தேவைப்படவில்லை; உறவே போதுமானதாக இருந்தது. 1938-இல் இந்திய அரசு இந்த முறையில் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இது ஓடியது.

தோட்டம் எல்லாவற்றையும் கொடுத்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் பழைய ஆட்களின் முகத்தில் ஒரு கனிவு வரும். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்து கட்டும் டிரஸர் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி, மாரியம்மன் கோயில், தமிழ்ப் பள்ளி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயேதான் இருந்தது. குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கடை யாருடைய நிலத்தில், யாருடைய அனுமதியோடு நடந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் இருந்தது. இவற்றில் ஒன்றுகூடத் தொழிலாளியின் பெயரில் இல்லை.

பிறகு வந்தது 1948. இந்த ஊரின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட ஆண்டு. ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் இந்த நாட்டின் ஊர்களும் தெருக்களும் எங்கே அமைய வேண்டும் என்பதை அந்த அவசரகாலம் தீர்மானித்தது. நம் இரண்டு குடும்பங்களின் பாதை பிரிந்ததும் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் பசிக்குப் பயந்து பல லட்சம் சீனர்கள் காட்டோரங்களில் மரவள்ளியும் காய்கறியும் போட்டுக் குடியேறியிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு அரிசியும் தகவலும் போனது இவர்களிடமிருந்து. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டம் இந்தத் தொப்புள்கொடியை அறுத்தது. சுமார் 5 லட்சம் பேரை லாரியில் ஏற்றி, 400-க்கும் மேற்பட்ட ‘புதுக் கிராமங்களில்’ அடைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனர்கள். முள்கம்பி வேலி, காவல் கோபுரம், ஊரடங்கு, வாசலில் சோதனை. வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறு கூடுதலாகக் கொண்டுபோனால் குற்றம். பழைய குடிசை எரிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் ரிம்பா பாஞ்சாங் போன்ற ஊர்கள் அப்படி உருவானவைதான். இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க் கிழவர்கள் சண்டைக்கு வருவார்கள். வர வேண்டியதுதான்.

ஆனால் அந்த வேலிக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனை அளந்து கொடுக்கப்பட்டது. முதலில் தற்காலிக உரிமம், பின்னால் பலருக்குக் குத்தகைப் பட்டா. வீட்டை அவர்களே கட்டிக்கொண்டார்கள். பள்ளி வந்தது, சாலை வந்தது, மின்சாரம் வந்தது. வேலி வந்த இடம் பெரும்பாலும் பட்டணத்துக்குப் பக்கம், சாலையோரம். அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்தபோது, சிறையாக இருந்த இடம் குடியிருப்பாக நின்றது. மனையின் எண் குடும்பத்தின் பெயரில் இருந்தது.

தமிழர்களையும் அதே காலத்தில் வேலிக்குள் வைத்தார்கள். சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் கம்பி போட்டார்கள். என் பாட்டிக்கும் ஊரடங்கு இருந்தது, சோதனை இருந்தது. ஒரே வித்தியாசம், வேலி நின்றது தோட்டத்தின் நிலத்தில். பிரித்தபோது நிலம் தோட்டத்துக்குப் போனது.

இதைத்தான் கட்டுரையின் மையமாகச் சொல்ல வருகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

லயத்து வீட்டுக்கு ஒரு எழுதாத விதி உண்டு. வேலை செய்கிறவருக்குத்தான் வீடு. 55 வயதில் ஓய்வு கொடுத்தால் சாவியைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் வீடு கையில் நிற்கும். அதனால் என்ன நடந்தது? நன்றாகப் படிக்கிற மூத்த மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பால்மரம் வெட்ட அனுப்பினார்கள். அப்பனுக்கு அறிவில்லை என்று ஆசிரியர் திட்டினார். அப்பன் கூரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அது என் பெரியப்பா. ஆறாம் வகுப்போடு, பால் பிடிக்கும் மங்கும் வாளியும் அவர் கைக்கு வந்தன. அவர் வெட்டியதால்தான் என் அப்பா இடைநிலைப் பள்ளி வரை போனார்.

பள்ளிக்கும் இதே கதிதான். தோட்டத்து நிலத்தில் நின்ற தமிழ்ப் பள்ளிகள் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்ற வகையில் சேர்ந்தன. நிலம் அரசாங்கத்துடையது இல்லை என்பதால் ஆசிரியர் சம்பளம் வரும், கட்டடத்துக்கு முழுப் பணம் வராது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல். தோட்டம் மூடினால் பள்ளி மூடும், கோயிலுக்கு நோட்டீஸ் வரும், சுடுகாட்டுக்குப் பாதை அடைபடும். சீனர்களின் ஆரம்பப் பள்ளிகள் இன்றும் ஏறத்தாழ 1,300. கடைக்காரர்களும் குலச் சங்கங்களும் காசு போட்டு வாங்கிய நிலத்தில் நின்ற பள்ளிகள் அவற்றில் நிறைய. எந்த முதலாளி எந்தத் தோட்டத்தை விற்றாலும் அந்தப் பள்ளிகளின் அடித்தளம் அசையாது.

அடி இரண்டு சமூகத்துக்கும் விழுந்தது. இதை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை குலைந்தது. பேராக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஈப்போவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆயிரக்கணக்கான சீனக் குடும்பங்களின் வருமானம் ஒரே ஆண்டில் போயிற்று. பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கிளம்பினார்கள். சிலர் பர்மிட் இல்லாமல் ஜப்பான், தைவான் வரை போய்ப் பாத்திரம் கழுவினார்கள். ஆனால் பெற்றோர் புதுக் கிராமத்து வீட்டிலேயே இருந்தார்கள். வாசலில் மீ (நூடுல்ஸ்) வண்டி போட்டார்கள், பின்கட்டில் கோழி வளர்த்தார்கள். போன பிள்ளை அனுப்பிய பணம் வீட்டுக்கு மாடி எழுப்பியது, வாடகைக்குப் போகவில்லை.

தோட்டத்துக்கு விழுந்த அடி இரண்டு தவணையாக விழுந்தது. சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அந்தக் காலப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதன் மேல் 1969-இல் வேலை பர்மிட் விதி. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பர்மிட் இல்லாமல் வேலை பார்க்க முடியாது என்றானபோது, சுமார் 60,000 இந்தியர்கள் பார்த்தே இராத ஊருக்குக் கப்பலேறினார்கள். இரண்டாம் தவணை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும். ரப்பர் போய், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கோல்ஃப் திடலுக்கும் போயின.

அப்போது கைக்கு என்ன வந்தது? 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஆண்டு மரம் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். நாளுக்கு 12 வெள்ளி என்று வைத்தால் 7,200 வெள்ளி. அன்று மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி. முப்பது ஆண்டு உழைப்பு அந்த வீட்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சேமநிதிப் பணத்தையும் போட்டு முன்பணம் கட்டியவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் ஆற்றோரமும் ரயில் பாதையோரமும் பலகை வீடு கட்டினார்கள். சீனர்கள் நாற்பது ஆண்டுக்கு முன்னால் வெளியேற்றப்பட்ட அந்தப் புறம்போக்கு வாழ்க்கைக்கு நாம் அப்போதுதான் புதிதாகப் போய்ச் சேர்ந்தோம்.

மாற்று முயற்சி நடக்காமல் இல்லை. அதுவும் இந்த ஊர்க்காரரிடமிருந்துதான் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடலைத் தடுக்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் லயம் லயமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள். நிலம்தான் பிரச்சினை என்பதை அன்றே கண்டுகொண்ட ஒரே பெரிய திட்டம் என்று இதை மதிக்கிறேன். ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்களின் பரப்புக்கு முன்னால் பத்து வெள்ளிச் சந்தாக்கள் எவ்வளவு தூரம் ஓடும்?

கடன் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் 555 நோட்டு இன்னும் கண்முன் நிற்கிறது. சின்ன வயதில், கடன் வாங்குகிறவர்கள் நாங்கள், கொடுக்கிறவர் அவர் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு தெரிந்தது, அவரும் கடனில்தான் இருந்தார். ஈப்போ மொத்த வியாபாரி அவருக்கு இரண்டு மூன்று மாதத் தவணையில் மூட்டை இறக்குவார். அந்த வியாபாரியும் இவரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள், ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். பணம் வராவிட்டால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது. அந்த நாணயம்தான் அவருக்கு ஈடு. அவர் கடன் சரக்காகிக் கைமாறித் திரும்பி வந்தது. எங்கள் கடன் சோறாகி மறுநாள் காலைப் பிரட்டுக்குப் போனது. எங்களுக்கு ஈடு ஏழாம் தேதிச் சம்பளம் மட்டும். தமிழரில் கடன் கொடுக்கும் வித்தை தெரிந்த செட்டியார்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். அவர்கள் நிலத்தையும் நகையையும் ஈடாகப் பார்த்தவர்கள். லயத்து வீட்டை எந்தச் செட்டியாரிடம் அடகு வைப்பது?

சராசரிக் கணக்கில் மறைந்துபோகும் இன்னொன்றும் இதில் இருக்கிறது. 2019 கணக்குப்படி சீனர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 9,895 வெள்ளி, இந்தியருக்கு 8,216. நூற்றுக்கு 83. நன்றாகத்தானே நெருங்கி வந்திருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் அந்த 8,216-இல் பெட்டாலிங் ஜெயாவின் மருத்துவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள், அன்றைய யாழ்ப்பாணத்துக் கிராணிமாரின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். வரும்போதே ஆங்கிலப் படிப்போடு வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள் வழியும், லயத்தில் இருந்தவர்கள் வழியும் ஒரே ‘இந்தியர்’ பெட்டியில். சீனர் பக்கத்திலும் புதுக் கிராமத்தில் தனியாக மிஞ்சிய கிழவியும் கோலாலம்பூர்க் கட்டுமான முதலாளியும் ஒரே பெட்டிதான். இரண்டு சமூகத்தை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு சராசரிகளை ஒப்பிடுகிறோம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனை. குழாயடிச் சிமெண்டு மேடை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. பட்டணத்தில் அந்தக் கடை இருக்கிறது. இப்போது குளிர்சாதனம் போட்ட மினி மார்க்கெட். கல்லாவில் பழைய தவுக்கேயின் (முதலாளியின்) மகன். என் வயதிருக்கும். தமிழ் அவருக்கு அப்பா அளவுக்கு வராது, மலாயில்தான் பேசிக்கொண்டோம். எனக்கு முன்னால் நின்ற இரண்டு வங்காளதேசத்து இளைஞர்கள் பத்துக் கிலோ அரிசியும் முட்டையும் டாப்-அப்பும் வாங்கிக்கொண்டு, நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களாம். தங்குவது கம்பெனிக் கொங்சியில், தொழிலாளர் கொட்டகையில்.

இவர்களுக்கு 555 போடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். “பர்மிட் முடிந்தால் ஒரே ராத்திரியில் போய்விடுவார்கள், யாரைத் தேடுவது? உங்கள் ஆட்களுக்கு அப்பா பயப்படாமல் கொடுத்தார். அவர்கள் எங்கே போகப் போகிறார்கள்?”